ஐந்து நிமிடத்துக்கு ஒரு தப்பு

அந்த உதிரிபாகக் கிடங்கில் பதினோரு கம்ப்யூட்டர்கள். அத்தனைக்கும் ஒரே வைத்தியன். ஆள் ஒல்லி, நடந்து வந்தால் சத்தமே கேட்காது என்பதால் அவன் பெயர் எல்லோருக்கும் ‘மவுஸ்’. எது கெட்டுப்போனாலும் முதலில் அணைத்துப் போடச் சொல்வான். பாதி நோய் அதிலேயே ஓடிவிடும். மீதிப் பாதிக்குத்தான் அவன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது.

திங்கட்கிழமை காலையில் டிஸ்பாட்ச் மேடத்தின் லாகின் பூட்டிக்கொண்டது. ஐந்து தடவை தப்பான பாஸ்வேர்டு போட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு. மவுஸ் திறந்துவிட்டான். மேடம் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி பூட்டு. செவ்வாய் மதியத்துக்குள் இதே கூத்து ஏழு தடவை நடந்தது. வாசலில் லாரிகள் சரக்குச் சீட்டுக்காக நின்றன. தன் பெயரில் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கிறார்கள் என்று மேடம் மேனேஜரிடம் போய் நின்றார்.

மவுஸ் பதிவேட்டைத் திறந்தான். யார், எப்போது, எங்கிருந்து உள்ளே நுழையப் பார்த்தார்கள் என்று கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் குறிப்பு அது. சிலர் பேப்பரில் தலைப்பை மட்டும் படிப்பார்களே, அப்படித்தான் படித்தான். மேடத்தின் பெயர், தவறான பாஸ்வேர்டு, வந்த இடம், ஸ்டோர்-2.

ஸ்டோர்-2 அவன் மச்சினனின் கம்ப்யூட்டர். மனைவியின் தம்பி. எட்டு மாதத்துக்கு முன் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனை வேலையில் சேர்த்ததே மவுஸ்தான். போன வாரம் பெட்டி மாறிப் போனதற்கு மேடம் அவன் மேல் புகார் எழுதியிருந்தார். மவுஸ் சொன்னதைக் கேட்ட மேனேஜர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

“சாயங்காலத்துக்குள்ள அவன்தான்னு உறுதியாச்சுன்னா, நாளைலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடுங்க,” என்றார். “நீங்களே சொல்லிடுங்க.”

மவுஸ் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். மனைவியின் முகம் கண் முன்னால் வந்தது. அது பேச வேறு ஆரம்பித்தது. நேரே ஸ்டோருக்குப் போனான். மச்சினன் ஏணி மேல் நின்று பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான்.

“டேய், மேடம் லாகின்ல கை வச்சியா?”

“என் பாஸ்வேர்டையே மானிட்டர்ல ஒட்டி வச்சிருக்கேன் மாமா. பார்த்து அடிச்சே ரெண்டு தடவை தப்பாகுது. அவங்களோடது எனக்கெதுக்கு?”

“பொய் சொல்லாத.”

மச்சினன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இருக்கைக்கு வந்த மவுஸ், அவனுக்குச் சாதகமாக ஒரு வரியாவது கிடைக்காதா என்று பதிவேட்டை இந்த முறை வரி வரியாகப் படித்தான். ஒன்பது ஐந்து, ஒன்பது பத்து, ஒன்பது பதினைந்து. ஐந்து நிமிடம் பிசகவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் நிற்கவில்லை. என்னதான் வன்மம் இருந்தாலும் மனுஷன் சாப்பிடப் போக மாட்டானா? மேலே தள்ளினான். ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை. அன்று ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. மச்சினன் வாயைத் திறந்துகொண்டு மதியம் முழுக்கத் தூங்கியது மவுஸின் வீட்டு சோபாவில்.

அப்போதுதான் ஒவ்வொரு வரியின் நடுவிலும் இருந்த சின்ன எண்ணைப் பார்த்தான். எந்த வழியாக நுழையப் பார்த்தார்கள் என்பதற்கான எண். ஆள் உட்கார்ந்து விசைப்பலகையில் தட்டினால் இரண்டு. ஆளே இல்லாமல், நேரம் குறித்துவைத்த வேலை தானாக ஓடினால் நான்கு. எல்லா வரியிலும் நான்கு.

ஸ்டோர்-2-இல் அப்படி ஒரு வேலைதான் இருந்தது. ஸ்டோர் சீட்டுகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்பாட்சுக்கு நகலெடுப்பது. உருவாக்கியவர்: மவுஸ். யார் பெயரில் ஓட வேண்டும்: டிஸ்பாட்ச் மேடம்.

நான்கு மாதத்துக்கு முன்னால், வேலை முடிய பத்து நிமிடம் இருக்கும்போது செய்தது. முறைப்படி தனி லாகின் கேட்டு மேனேஜரிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற மேடத்திடம் பாஸ்வேர்டு கேட்டு வாங்கிப் போட்டுவிட்டு, இப்போதைக்கு இருக்கட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். கொடுத்ததை அவரும் மறந்தார், வாங்கியதை இவனும் மறந்தான். போன சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது மேடம் பாஸ்வேர்டை மாற்றினார். எல்லோரும் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பிய மகானும் மவுஸ்தான்.

இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, வைரஸ் என்று சொல்லலாம். அந்தக் கட்டடத்தில் பதிவேடு படிக்கத் தெரிந்த இன்னொரு ஜீவன் கிடையாது. மேனேஜர் நம்பிவிடுவார். மேடம் நம்ப மாட்டார். இனி பெட்டி ஒன்று மாறினால்கூட மச்சினனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். மவுஸ் அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனான்.

மேனேஜர் தாளைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் மவுஸைப் பார்த்தார்.

“அவன் இல்ல சார். நான் வச்ச வேலைதான் பழைய பாஸ்வேர்டோட முட்டிக்கிட்டு இருக்கு.”

“நீங்க சொல்லலேன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது சார்.”

“சொன்னது நல்லது. மெமோ உண்டு.”

பூட்டுத் திறந்த லாகினில் மேடம் அடித்த முதல் கடிதம் மவுஸுக்கான மெமோ. இரண்டு நாளாக ஒரு கடிதத்தைக்கூட முழுசாக அடிக்க முடியாமல் இருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பிழையில்லாமல் அடித்தார்.

மவுஸ் அதை ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டு போனான். மச்சினன் ஏணியில் நின்றபடியே இரண்டு தடவை படித்தான்.

“அப்போ நீங்களும் நான்தான்னு நினைச்சீங்க.”

“நினைச்சேன்டா.”

“மேனேஜர் நினைச்சது பரவாயில்ல மாமா.”

மவுஸ் தலையைச் சொறிந்தான். மன்னிச்சுக்கோ என்று சொல்லப் பார்த்தான். பாதி சத்தம்தான் வெளியே வந்தது. மச்சினனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். மெமோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீழே கிடந்த கனமான பெட்டியைக் காட்டினான்.

“அதை எடுத்து மேல குடுங்க.”

மவுஸ் பெட்டியைத் தூக்கினான். அன்றைக்குச் சாயங்காலம் வரை, ஒன்று விடாமல் தூக்கிக் கொடுத்தான்.