சொல்லில்லாத பக்கம்

அந்தப் படப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் சொல்லே கிடையாது. உறைந்த ஆற்றங்கரையில் குட்டி நீர்நாய் தனியாக உட்கார்ந்திருக்கும். அம்மா திரும்பி வரவில்லை. அவ்வளவுதான்.

எழுதி வரைந்த மா இன்சுக் அம்மாள், மேடைக்குக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பக்கத்துல யாரும் பேசக் கூடாது, ஹேரின். பாட்டும் வேண்டாம்."

நாடகமாக்கும் வேலையை ஏற்றிருந்த ஹேரின் வாக்குக் கொடுத்துவிட்டாள். தயாரிப்பாளர் க்வாக்குக்கு அது பிடிக்கவே இல்லை.

"மேடையில சத்தமில்லன்னா பாதிப் பசங்க பாத்ரூம் போகணும்பாங்க. மீதிப் பாதி துணைக்குப் போவாங்க."

"ஒரு தடவை பிள்ளைங்க முன்னாடி போட்டுப் பாத்துடலாம் சார்."

"பாரு. சரியா வரலன்னா பாட்டுதான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே."

முன்னோட்டத்துக்கு தேகு நகரத்து மழலையர் பள்ளி ஒன்றிலிருந்து மஞ்சள் தொப்பியும் சளசளப்புமாகப் பிள்ளைகள் வந்தார்கள். கடைசி வரிசையில் இன்சுக் அம்மாள் உட்கார்ந்தார். பக்கத்தில் ஹேரின்.

அந்த இடம் வந்தது. பொம்மையாட்டும் சோரா நீர்நாயை உட்காரவைத்துக் கையை அசைக்காமல் நின்றாள். அரங்கில் தின்பண்டப் பொட்டலம்கூடச் சரசரக்கவில்லை. பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். ஹேரினுக்கு மூச்சு வந்தது.

"ஐயோ பாவம், அந்தப் பொண்ணுக்கு வசனம் மறந்துபோச்சு," என்றார் முன்வரிசை ஆசிரியை. உடனே தாளம் போட்டுக் கைதட்டத் தொடங்கினார். "பரவால்ல! பரவால்ல!"

மேடையில் யார் தடுமாறினாலும் இப்படித் தேற்றுவது எல்லாப் பள்ளி விழாவிலும் வழக்கம். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. அரங்கமே கத்தியது. "பரவால்ல! பரவால்ல!" தவித்துப்போன சோரா, நீர்நாயை எழுப்பிக் கும்பிடவைத்தாள். கைதட்டல் இரட்டிப்பானது.

விளக்கு வந்ததும் க்வாக் ஓடிவந்தார். "இப்படியொரு பாட்டு யாருக்கு எழுத வரும்? அப்படியே வெச்சுக்கோ!"

"டீச்சருங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டா..."

"தினமும் வாசல்ல நின்னு சொல்லுவியா? தயவுசெஞ்சு ஆறுதல் சொல்லாதீங்கன்னு?"

ஹேரின், விளக்கை இன்னும் மங்கலாக்கியிருக்கலாமோ, பொம்மையைத் திருப்பி உட்காரவைத்திருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டே, கோட்டை மாட்டிக்கொண்டிருந்த இன்சுக் அம்மாளிடம் போனாள்.

"மன்னிச்சிடுங்கம்மா."

"எங்கம்மா போனப்பவும் வந்தவங்க எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. நல்ல மனுஷங்கதான்." பித்தானைப் போட்டு முடித்தார். "அவர் சொல்றபடியே செய்யுங்க. போஸ்டர்ல என் பேர் மட்டும் வேண்டாம்."

பிற்பகலுக்குள் மெட்டு வந்துவிட்டது. சுலபமான மெட்டு, ஒரு தடவை கேட்டால் நாள் முழுக்க நாக்கில் நிற்கும். ஹேரின்தான் வரிகளை எழுதினாள். ஒத்திகையில் சோரா பொம்மையைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, இந்த இடத்துல நீர்நாய் சிரிக்கணுமா?"

"முதல் சரணத்துல வேண்டாம்," என்றாள் ஹேரின். "ரெண்டாவதுல சிரிக்கட்டும்."