பெருவிரலில் சுண்ணாம்பு

கறுத்த கால் பெருவிரல். நகத்தில் ஒரு பொட்டு வெள்ளைச் சுண்ணாம்பு. வெளியே லண்டன் மழை.

இறைச்சிக்கடையின் பின்னறை. குனிந்து சுண்ணாம்பு வைப்பவன் குணநாயகம், யாழ்ப்பாணத்தான். காலை நீட்டியிருப்பவன் டெல்ராய், ஜமேக்காவில் பிறந்த கறுப்பன். பதினெட்டு வருடம் ஒரே மரக்குற்றியில் ஆடு வெட்டியவர்கள். கேட்டுக் கேட்டே டெல்ராய்க்குத் தமிழ் வந்துவிட்டது. கெட்ட வார்த்தைதான் முதலில் வந்தது.

“சூடுதான் மச்சான். வெறும் நீர்க்கடுப்பு. சுண்ணாம்பு வைச்சா இழுத்துப்போடும்.”

எல்லாம் தெரியும் என்ற நினைப்பு குணத்துக்கு. மூன்று மாதம் வைத்தான். மூன்று மாதமும் டெல்ராய் கழிப்பறைச் சுவரில் கையை ஊன்றி, பல்லைக் கடித்து, சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை. குணம் பக்கத்துக் கடைக்கு முடிவெட்டப் போனான். கறுப்பர்கள் கூடும் கடை. அங்கே ஒரு தாதி, காத்திருந்த ஆண்களிடம் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். புரொஸ்டேட் புற்றுநோய். கறுப்பின ஆண்களில் நாலில் ஒருவருக்கு வரும். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இருந்திருந்தால் இன்னும் கவனம். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை.

டெல்ராயின் அண்ணன் அதில்தான் செத்தான். பெட்டி தூக்கியவர்களில் குணமும் ஒருவன். பாவி, அது ஏன் நினைவுக்கு வரவில்லை?

பாதி வெட்டிய தலையோடு ஓடிவந்தான். தகரச் சுண்ணாம்புப் பேணியை எடுத்துச் சுவரில் அடித்தான். சுவர் வெளுத்தது.

“வெளிக்கிடு. டொக்டரிட்ட போறம்.”

டெல்ராய் கத்தியை மரக்குற்றியில் ஓங்கி இறக்கினான். “அண்ணா போனவன். பெட்டியிலதான் திரும்பி வந்தவன். நான் வரேல்ல.”

“அவன் பிந்திப் போனவனடா! நீயும் பிந்தப் போறியோ?”

குத்து நேரே முகத்தில் விழுந்தது. தன் மூக்கு நொறுங்கிய சத்தம் குணத்துக்கே கேட்டது.

விழுந்தான். எழுந்தான். நாய்க்குப் பிறந்தவனே என்று கத்திக்கொண்டு டெல்ராயின் நெஞ்சில் தலையால் மோதினான். தட்டுகள் சரிந்தன. எலும்புகள் சிதறின. ஈரத் தரையில் புரண்டு, ஒருவன் கழுத்தை ஒருவன் நெரித்தார்கள். விட்டிருந்தால் கொன்றே இருப்பார்கள்.

குழாய் திறந்தே கிடந்தது. குணத்தின் மூக்கு ரத்தம் தண்ணீரில் கலந்து, வெளிர் சிவப்பாக, வடிகாலுக்கு ஓடியது.

டெல்ராயின் பிடி தளர்ந்தது. அந்தத் தண்ணீரையே பார்த்தான்.

“மச்சான், இண்டைக்குக் காலமை எனக்கும் இந்த நிறம்தான் போனது.”

அழுதான். அவ்வளவு பெரிய மனிதன் அழுதான்.

“நான்தானடா உன்ர மூண்டு மாசத்தைத் திண்டனான்,” என்று குணமும் அழுதான். அழுதழுதே அவனை இழுத்துக்கொண்டு மழையில் போனான்.

இருந்தது. புற்று இன்னும் வெளியே பரவவில்லை என்றார்கள். வெட்டி எடுக்கலாம் என்றார்கள்.

சத்திரசிகிச்சை நாள். மழை. குணத்தின் மூக்கு கோணலாகவே ஒட்டிவிட்டிருந்தது. டெல்ராய் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புதுச் சுண்ணாம்புப் பேணியை எடுத்தான். போர்வையை விலக்கிக் காலை நீட்டினான்.

“வை.”

“இது மருந்தில்லையடா, விசரா.”

“தெரியும். வை.”

குணம் குனிந்தான். ஆடு வெட்டும் விரலால் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தான்.

கறுத்த கால் பெருவிரல். நகத்தில் ஒரு பொட்டு வெள்ளை.