துணைக் கேள்வி

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. கேட்டவர் சட்டமன்ற உறுப்பினர். எழுதிக்கொடுத்தவன் நான். அதற்கான பதிலை எழுதியவனும் நானே. எண்பதுகளில் கள்ளக்குறிச்சியில் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். என் எழுத்தெல்லாம் அடுத்தவர் வாயில்தான் அரங்கேறியது. சொந்தப் பெயரில் எழுதுவது இதுதான் முதல் தடவை; கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

‘கல்வராயன் மலையில் மேகங்கள் தவழ்ந்த ஒரு காலைப்பொழுதில்...’

(வேண்டாம். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.)

எம்.எல்.ஏ. எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவரைப் பார்க்க மலையிலிருந்து ஆயம்மாள் நடந்தே இறங்கி வந்திருந்தார்.

“ஓடைக்குப் பாலம் எப்போங்க வரும்? மவ மாசமா இருக்கா, ஐப்பசில நாளு. தண்ணி வந்துட்டா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வர முடியாதுங்க.”

எம்.எல்.ஏ. வீரமுத்து நல்ல மனிதர். “சட்டசபையில கேட்டுடறேம்மா” என்றார். பிறகு என்னிடம், “இன்னா கேக்கணும்னு எழுதிக் குடுய்யா.”

3

கேள்வி: பாலம் கட்ட அரசு ஆவன செய்யுமா?
பதில்: பரிசீலனையில் உள்ளது.

உண்மையில் அந்தப் பாலத்துக்கு இரண்டு வருடம் முன்பே அனுமதி கிடைத்திருந்தது. கரும்பு லாரிக்காரர்களுக்காகப் பேசித் திரிந்த கண்ணாயிரம், எங்கள் பொறியாளர் தைரியநாதனைப் பிடித்து, அதைக் கீழே கரும்பு போகும் பாதைக்கு மாற்றிவிட்டார். (கண்ணாயிரத்தை வில்லனாக்கிப் பார்த்தேன், முடியவில்லை. தினமும் எனக்கு டீ வாங்கிக்கொடுத்தவர்.)

“துணைக் கேள்வி* மட்டும் எழுதிடாத” என்றார் தைரியநாதன். “அமைச்சர் மாட்டிக்கினா நம்ம கதி இன்னா ஆவறது?”

* பதிலைக் கேட்டபின் உறுப்பினர் எழுந்து கேட்கும் அடுத்த கேள்வி. வேலை நடப்பது இதனால்தான்.

4

ஆனாலும் எழுதினேன், வீரமுத்துவுக்குக் கொடுத்த தாளின் பின்புறத்தில்: ‘ஏற்கெனவே அனுமதித்த பாலம் எந்த ஊரில் கட்டப்பட்டது?’ முன்புறத்தின் அடியில் ‘மறுபக்கம் பார்க்க’ என்று போட வேண்டும். அதைப் போட மறந்துவிட்டேன்.

(அடித்து எழுதுகிறேன்: பயந்துவிட்டேன்.)

அமைச்சர் பதிலைப் படித்தார். துணைக் கேள்வி உண்டா என்றார் சபாநாயகர். வீரமுத்து தாளைப் பார்த்தார், நன்றி சொல்லி உட்கார்ந்தார். ஊர் திரும்பியதும், “சூப்பரா போச்சுய்யா” என்று என் தோளில் தட்டினார்.

5

கதையில் ஒரே வரியில் பாலம் கட்டிவிடலாம். கட்டினேன், அடித்தேன்.

‘ஐப்பசியில் ஓடை பெருகியது. ஆயம்மாளின் மகளைத் தூளியில் வைத்து...’

இந்த வாக்கியத்தை நான்கு தடவை தொடங்கிவிட்டேன். மலையில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆயம்மாளின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக் கேட்காமலே ஓய்வும் பெற்றுவிட்டேன்.

முடிவு உங்களுடையது. வீரமுத்துவைப் போல உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தத் தடவை தாளின் அடியில் ஒழுங்காகப் போட்டுவிடுகிறேன்.

மறுபக்கம் பார்க்க.