பாட்டிலில் மீந்தது

"இருபது வருசத்துல என் ஊசி பட்டு ஒரு உசுரு போனதில்ல." தோஹா தொழில்பேட்டையில் கேம்ப் கம்பவுண்டராக இருந்த கௌஸ் முகம்மது இதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார்; கேட்பவரும் சிரிக்கக் கூடாது. எழுபத்துநாலில் ஒரு வெள்ளிக்கிழமை, இறந்துபோன தங்கை புருஷன் சுஐபுவின் மய்யித்தைக் குளிப்பாட்டும்போதும் அதையேதான் சொன்னார். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

தண்ணீர் ஊற்றினார். இடது புஜத்தில் ஊசி போட்ட இடம் நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது. துணியை இழுத்து மூடினார்.

சுஐபு கேம்ப்பின் சமையல்காரன். மதியம் மீந்த சால்னாவைக் கையோடு கிளினிக்குக்குப் பின்னால் மணலில் கொட்டிவிடுவான். அவனை நம்பி நாலு பூனைகள் குடும்பம் நடத்தின.

"கிருமிக்குப் பயந்து கறியக் கொட்டுறாம் பாரு. இந்த வெயில்ல கிருமியே சுருண்டு செத்துரும்டா" என்று கௌஸ் முகம்மது கேம்ப் முழுக்கக் கேட்க நக்கலடிப்பார்.

"மீந்தா கொட்டிரணும் மச்சான்" என்பான் சுஐபு. அவன் படித்த வைத்தியம் அவ்வளவுதான்.

கௌஸ் முகம்மது எதையும் வீணாக்காதவர். புதன்கிழமை போட்ட காலரா ஊசி மருந்தில் பாதிப் பாட்டில் மீந்தது. திறந்த அன்றே தீர்த்துவிட வேண்டும் என்று லேபிளில் இருந்தது. ரப்பர் மூடியைத் துடைத்து மேசை மேலேயே வைத்துவிட்டார். வியாழன் காலை, லீவில் ஊருக்குப் போக, தடுப்பூசி கார்டில் முத்திரை வேண்டி ஆறு பேர் வந்தார்கள். முதல் ஆள் சுஐபு. இன்னும் முகம் பார்க்காத மகளுக்குக் கவுன் வாங்கி வைத்திருந்தான்.

மதியம் தாண்டியதும் ஆறு பேருக்கும் காய்ச்சல், வாந்தி. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். சுஐபுவுக்கு வலிப்பு கண்டு, பொழுது சாய, மக்ரிபு தொழுகைக்குள் அடங்கிவிட்டான்.

சாப்பாடுதான் காரணம் என்றார் மேனேஜர். எண்பது பேர் தின்ற சால்னா எப்படி ஆறு பேரை மட்டும் பொறுக்கி எடுத்தது என்று யாரும் யோசிக்கவில்லை. சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒரு கரண்டி மிச்சம் வைத்திருந்தால் அது அவனுக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

ஆஸ்பத்திரி டாக்டர் மட்டும் கௌஸ் முகம்மதுவுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்: மருந்துக்குள் கிருமி பெருகி நஞ்சு கக்கியிருக்கலாம், மீதி இருந்தால் எடுத்து வையுங்கள், நாளை வருகிறேன்.

அடக்கம் முடிந்து திரும்புகையில், சுஐபுவோடு ஒரே ரூமில் இருந்த காதர் மைதீன் கூடவே நடந்து வந்தான். "பத்ருன்னிசாக்குக் கடுதாசி போடணுமே காக்கா. அவன் ஆக்குனதே அவனக் கொண்டு போயிருச்சுன்னு ஆளாளுக்குப் பேசுறானுவ. அத எழுதவா முடியும்?"

கௌஸ் முகம்மது செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "தங்கச்சிக்கு நா எழுதிக்கிறேன்."

கிளினிக் கதவைத் திறந்தார். பாட்டிலில் இன்னும் ஒரு விரற்கடை மருந்து இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ரப்பர் மூடியைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் போய், மணலில் கவிழ்த்தார்.

பூனைகள் வந்துவிட்டன. ஒன்று ஈரத்தை முகர வந்தது. அவர் செருப்பால் மணலைத் தள்ளி மூடினார்.

அவை போகவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன.