பட்டிச் சுவர் மூடிய நாள்

ஆட்டுப்பட்டியின் சுவர் பனியில் மூடிவிட்டது என்று தம்பிக்குச் சொன்னவளே நஸ்தரன்தான். காலையில் அடுப்படி ஜன்னல் வழியாக எதிர்ச் சரிவைப் பார்த்தாள். சரிவின் அடியில் இடுப்பளவு உயரத்தில் நிற்கும் கற்சுவரைக் காணவில்லை. இருந்த இடம் வெள்ளையாக, மழமழவென்று இருந்தது. உடனே தம்பி கியூமர்ஸைப் போனில் எழுப்பினாள்.

"சுவர் மூடிடுச்சுடா. நீ நல்லாத் தூங்கு. டெஹ்ரான்காரங்க வந்து கோடு போட்டுட்டுப் போகட்டும்."

பனிச்சறுக்கு லிஃப்ட் வருவதற்கு முன்பிருந்தே அந்த ஊரில் அதுதான் கணக்கு. சுவர் மூடினால் சரிவு தயார். வருடத்தின் முதல் கோட்டைச் சறுக்கி இழுத்தவருக்குத்தான் மோராதின் டீக்கடையில் அன்றைய ஆஷ் கஞ்சியின் முதல் கிண்ணம். போன வருடம் அந்தக் கிண்ணம் டெஹ்ரானிலிருந்து வந்த இரண்டு பேருக்குப் போனது. மோராத் அந்தக் குளிர்காலம் முழுக்க, "அவங்க குடிச்சது போக மிச்சம்" என்று சொல்லித்தான் கியூமர்ஸுக்குத் தேநீரை நீட்டினார். கியூமர்ஸ் அதை மறக்கவில்லை.

வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஒருவர் மேலே போவார். ஒருவர் பட்டியருகே நிற்பார். கீழே ஆளோ ஆடோ இல்லை என்று பார்த்து, நிற்பவர் சீழ்க்கை அடிப்பார். அது கேட்ட பிறகுதான் மேலே இருப்பவர் இறங்குவார். கேட்காமல் எவரும் இறங்கியதில்லை. இன்று நிற்க வேண்டியவள் நஸ்தரன்.

அவள் சறுக்குக் கட்டைகளில் பட்டியருகே போய்ச் சேர்ந்தபோது கியூமர்ஸ் ஓரத்துப் பாறை வரிசை வழியாக உச்சியை நெருங்கியிருந்தான். கறுத்த முகட்டில் சின்னச் சிவப்புப் புள்ளி. அவனுடைய சட்டை.

கறுத்த முகடு. அவள் மறுபடியும் பார்த்தாள். முகட்டில் காய்ந்த புல் ஆடிக்கொண்டிருந்தது. இரவு பனி பெய்திருந்தால் முகடும் வெளுத்திருக்க வேண்டும். அப்படியென்றால் பெய்யவில்லை. காற்றுதான் அடித்திருக்கிறது. முகட்டில் கிடந்ததை எல்லாம் துடைத்து இந்தச் சரிவில் கொட்டியிருக்கிறது. சுவரை மூடியது அதுதான்.

ஊன்றுகோலைப் பனிக்குள் இறக்கினாள். முதலில் பலகை மாதிரி இறுக்கம். பிறகு ஒன்றுமே இல்லாததுபோல் கோல் சரேலென்று இறங்கியது. குனிந்து கையால் தோண்டினாள். அடியில் இருந்தது விரலிடுக்கில் நிற்காமல் சர்க்கரையாக உதிர்ந்தது. மெஹர் மாதக் கடைசியில், இலையுதிர்காலத்திலேயே அவசரப்பட்டு விழுந்த பனி. வெயில் படாத இந்தப் பக்கத்தில் குளிர்ந்த இரவுகளில் கிடந்து கிடந்து மணல் மணலாகிவிட்டது. அந்த மணல்மேல் இப்போது ஒரு கனத்த பலகை; ஓர் அதிர்வு போதும், மொத்தமாகச் சரிந்துவிடும். லிஃப்ட் மீட்புக் குழுவில் வேலை பார்க்கும் நஸ்தரன் வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு வருடமும் இதைத்தான் சொல்லித் தருகிறாள். அடுப்படி ஜன்னலில் நின்றபோது அவளுக்குச் சுவர் மட்டும்தான் தெரிந்தது.

ஓரடி நகர்ந்தாள். காலுக்கடியில் 'தும்' என்று அமுங்கியது. பெரிய மெத்தையில் யாரோ உட்கார்ந்த மாதிரி சத்தம். சறுக்குக் கட்டையின் முனையிலிருந்து மெல்லிய கீறல் ஒன்று சரிவின்மேல் ஓடி நின்றது.

வராதே என்று காட்ட ஊன்றுகோல்களைப் பெருக்கல் குறிபோல் தலைக்குமேல் உயர்த்தினாள். அதற்குள் முகட்டிலிருந்து மூடுபனி இறங்கிச் சிவப்புப் புள்ளியை விழுங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தில் போனும் எடுக்காது.

மேலிருந்து சீழ்க்கை வந்தது. நீளமாக இரண்டு. நான் தயார்.

வா என்பதற்கு ஒரு சீழ்க்கை இருந்தது. வராதே என்பதற்கு இல்லை. இத்தனை வருடத்தில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

மறுபடியும் இரண்டு. பிறகு குரல். காற்று அவனிடமிருந்து அவளிடம் வந்துகொண்டிருந்ததால் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது.

"அக்கா, நின்னுக்கிட்டே தூங்குறியா? அடி விசிலை!"

கத்த வாயைத் திறந்தாள். காற்று சத்தத்தை அவள் வாய்க்குள்ளேயே திணித்தது. அப்போதுதான் வேறொன்று உறைத்தது. சீழ்க்கைக்காகக் காத்திருக்கிற காதுக்கு எந்தச் சத்தமும் சீழ்க்கையாகக் கேட்கலாம். வாயை மூடிக்கொண்டாள்.

பாறை வரிசையை நோக்கி, ஒவ்வோர் அடியாக, முட்டையின்மேல் நடப்பதுபோல் நகர்ந்தாள். முதல் கல்லைத் தொட்டதும் கட்டைகளைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டுக் கையும் காலுமாக ஏறினாள்.

பாதி ஏறியிருப்பாள். மேலே எதுவோ படீரென்று முறிந்தது. மூடுபனிக்குள் சரிவின் வலது பாதி முழுவதும் நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. பாறை அதிர்ந்தது. குளிர்ந்த தூள் முகத்தில் அறைந்து மூக்கை அடைத்தது. இரைச்சல் அவளைத் தாண்டிக் கீழே, பட்டி இருந்த பக்கம் போய் அடங்கியது.

அவன் அதில் இருந்தானா? பாறையைக் கட்டிக்கொண்டு காதைத் தீட்டினாள். ஒன்றுமில்லை. காற்றுகூட இல்லாததுபோல் இருந்தது.

பிறகு மேலிருந்து சீழ்க்கை. நீளமாக இல்லை, தாறுமாறாக. நடுவே அவள் பெயர்.

உயிரோடிருக்கிறான். அந்த நிம்மதி ஒரு மூச்சுக்குத்தான் நீடித்தது. அவள் பட்டியருகே நின்றாள் என்றுதான் அவனுக்குத் தெரியும். பனி போனதும் அங்கேதான். சரிவின் இடது பாதி இன்னும் இறங்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். இப்போது அவள் சீழ்க்கை அடித்தால் வருவான். அடிக்காவிட்டால் அவளைத் தோண்டி எடுக்க வருவான்.

நகம் பிய்ந்ததுகூடத் தெரியாமல் ஏறினாள். சீழ்க்கை நின்றது. அது இன்னும் மோசம். கடைசிக் கல்லைத் தாண்டியபோது மூடுபனிக்குள் சிவப்பு தெரிந்தது. கட்டைகளின் முனை இரண்டும் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்க, அவன் முன்னால் சாய்ந்துகொண்டிருந்தான். முதுகுப்பையின் வாரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் புல்லின்மேல் விழுந்தார்கள்.

கியூமர்ஸ் அவளை யாரோபோல் பார்த்தான். கண் இமைகளில் பனி ஒட்டியிருந்தது. சீழ்க்கை வராத எரிச்சலில் கட்டையால் விளிம்பை ஓங்கிக் குத்தியதாகவும், காலடியிலிருந்தே சரிவு பிய்த்துக்கொண்டு போனதாகவும் திக்கித் திக்கிச் சொன்னான்.

"விசில் கேக்காம நான் என்னைக்காவது எறங்கியிருக்கேனா?" என்றான்.

"இப்ப எறங்கத்தானே நின்னே?"

"நீ அடியில கெடந்தியே."

"கெடக்கலையே."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அவனுடைய கட்டைகளைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பாறை வரிசை வழியாகவே இறங்கினார்கள். இடப்பக்கம், மூடுபனிக்குள், மிச்சப் பாதி சத்தமில்லாமல் இருந்தது. நஸ்தரன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சாலை வரும்வரை பையின் வாரையும் விடவில்லை.