டாம்சினின் வக்கீல்

ஆஸ்திரேலியாவின் நியூகாசிலுக்கு வந்து மூன்றாவது குளிர்காலமும் முடியப்போகிறது. அந்த ஊரில் மெரிடியை உரிமையோடு பேர் சொல்லிக் கூப்பிட இன்னும் ஒரு ஆள் இல்லை.

உள்நாட்டில் தொலைவில் இருக்கும் கோபார் சுரங்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். நாற்பதை நெருங்கும்போது வேலையை விட்டுவிட்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் அப்போதுதான் முதல் பட்டம் வாங்கிய பிள்ளைகள். அவளிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். வகுப்பு முடிந்து பப்புக்குக் கிளம்பும்போது, "நீங்க வரமாட்டீங்கல்ல?" என்று மறக்காமல் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், டோஸ்டில் டப்பா பீன்ஸைக் கொட்டிச் சாப்பிட்டுவிட்டுப் படிக்க உட்காருவாள். ஆம்புலன்ஸில் இருந்தவரை வயர்லெஸ்ஸில் யாராவது கரகரத்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே ஃப்ரிட்ஜின் சத்தம்தான்.

கடைசி வருடத்தில் பாடத்தோடு நிஜ வழக்குகளிலும் வேலை செய்ய வேண்டும். பல்கலைக்கழகத்தின் இலவசச் சட்ட உதவி மையத்தில் லோர்னா என்ற வழக்கறிஞரின் மேற்பார்வையில் அவளைப் போட்டார்கள். அங்கேதான் டாம்சின் வந்தாள். நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடை வைத்திருப்பவள், மெரிடியின் வயதுதான். அனுமதி வாங்காமல் நாய் வளர்க்கிறாள் என்று வாடகை ஏஜெண்ட் ஹாலரன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டான்.

"அனுமதியா? எட்டிப் பாக்குறப்பல்லாம் பிக்கிளுக்குப் பிஸ்கட் போட்டதே அவன்தான்" என்றாள் டாம்சின். "இப்ப வாடகையை ஏத்தணும், நான் குறுக்க நிக்கிறேன். அதான் நாய் கண்ணுல பட்டுடுச்சு."

"பிக்கிள் எப்படி, கடிக்குமா?"

"நக்கியே கொன்னுடும். உன் ஷூ கடிபட்ட மாதிரி இருக்கறதைப் பாத்தா உன்கிட்டயும் நாய் இருக்கும்போல?"

"இது என் பழைய வேலை ஷூ. வேற வாங்கல."

"ஐயோ பாவம், அதை நாயே தொடாது."

மெரிடி சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்தடுத்த சந்திப்புகளில் வழக்குப் பேச்சு முடிந்த பிறகும் இருவரும் எழுந்திருக்க மனமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் டாம்சின் கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை காலையில நாங்க கடற்கரையில கட்டியிருக்கற கடல் குளத்துல நீந்தப் போவோம். நீயும் வாயேன்ப்பா. தண்ணி உயிர் போற குளிரு, ஆனா முடிஞ்சதும் காபி உண்டு."

லோர்னாவிடம் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வழக்கு நடக்கிறப்ப கூடாது மெரிடி. நாளைக்கு அவளுக்குப் பிடிக்காத ஒண்ணை நீ சொல்ல வேண்டிவரும். சிநேகிதியா இருந்தா சொல்ல வாய் வராது."

"காபிதானே?"

"காபியிலதான் ஆரம்பிக்கும்."

அவர் சொன்னது நியாயம் என்று மெரிடிக்குத் தெரிந்தது. நியாயமாக இல்லாமல் இருந்திருந்தால் தேவலை. மறுநாள் டாம்சினிடம், வழக்கு முடியும்வரை வெளியில் சந்திக்கக் கூடாது என்று சொன்னாள். எவ்வளவோ பதமாகத்தான் சொன்னாள்.

"ஓ, சரி. நான் ஒரு கேஸ்தானே. மறந்துட்டேன்" என்றாள் டாம்சின். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "வேற ஏதாவது கையெழுத்து வேணுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அந்த 'உங்களுக்கு' மெரிடியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

வாடகை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்தில் மாணவியே பேச அனுமதி கிடைத்தது. லோர்னா பக்கத்தில் இருந்தார். நாயை இந்த மாதம்தான் முதன்முதலாகப் பார்த்ததாக ஹாலரன் சத்தியம் செய்து சொன்னான்.

"பாத்தப்போ நாய் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் மெரிடி.

"பழுப்பு நிறம். கிழட்டு நாய். பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்துச்சு."

"நொண்டுனதை நீங்களே பாத்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணால."

கால்நடை மருத்துவரின் சான்றை மெரிடி நீட்டினாள். பிக்கிளின் கால் ஒரு வருடத்துக்கு முன்பே அறுவை சிகிச்சையில் சரியாகிவிட்டிருந்தது. அதன் பிறகு அது நொண்டவே இல்லை. தீர்ப்பாய உறுப்பினர் ஹாலரனை நிமிர்ந்து பார்த்தார். அவன் கழுத்து சிவந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக நாயைத் தெரிந்தும் வாயைத் திறக்காதவன் இப்போது அதைக் காரணம் காட்ட முடியாது என்று உத்தரவானது. டாம்சின் வீட்டிலேயே இருக்கலாம்.

வாசலில் டாம்சின் கை கொடுத்தாள். "ரொம்ப நன்றிங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. மெரிடி அவளைக் கட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் லோர்னா பின்னால் நின்றிருந்தார்.

வழக்கை முடித்து மூடிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மெரிடி நீச்சலுடையை எடுத்துக்கொண்டு கடல் குளத்துக்குப் போனாள். தொலைவில் நிலக்கரிக் கப்பல்கள் வரிசையில் காத்திருந்தன. டாம்சின் இரண்டு தோழிகளோடு துண்டைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். மெரிடியைக் கண்டதும் முகம் மலர எழுந்தாள்.

"ஏய், இங்க பாருங்கடி. இவங்கதான் என் வக்கீல். ஹாலரனை அவன் வாயாலயே மாட்டிவிட்டாங்க."

தோழிகள் காலை மடக்கி இடம் விட்டார்கள். ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக் கூரை ஒழுகுதுங்க. எத்தனை தடவை சொன்னாலும் ஓனர் அசையமாட்டேங்கறான். உங்ககிட்ட கேக்கலாமா?" என்றாள்.

"நான் இன்னும் மாணவிதான். திங்கக்கிழமை மையத்துக்கு வாங்க, பாக்கலாம்."

"நீங்க நிம்மதியா நீந்துங்க" என்றாள் டாம்சின், நிஜமான அன்போடு. "நாங்க காபிக்குக் கிளம்பறோம். உங்க நேரத்தைக் கெடுக்கல."

நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவர்கள் துண்டுகளை உதறிக்கொண்டு படியேறிவிட்டார்கள். மெரிடி தண்ணீரில் இறங்கினாள். உடம்பு மரத்துப்போகும்வரை நீந்தினாள்.

கூரை ஒழுகும் பெண் சொன்னபடியே திங்கட்கிழமை வந்துவிட்டாள். அவள் போன பிறகு லோர்னா கேட்டார்: "இவளை எங்க பிடிச்ச?"

"கடல் குளத்துல."

"நீ நீந்துவியா? தனியாவா போற?"

"ஆமா."

லோர்னா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேசையில் தொலைபேசி அடித்தது. மெரிடி எடுத்து, வணக்கம் சொல்லி, மறுமுனையில் அழுதுகொண்டிருந்தவரிடம் பேரைக் கேட்டாள்.