மாடு இழுத்து வந்த மாப்பிள்ளைக் கார்

லெட்சுமணன் தன் மச்சான் வீரமுத்துவின் பேச்சை ஒரே ஒரு தடவைதான் கேட்டான். அதுவும் கல்யாணத்துக்கு முதல் நாள். பாவி, கேட்டிருக்கவே வேண்டாம்.

பாலோ என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவன் வெள்ளைக்காரத் துரையின் கார் டிரைவர். பெண் கிடைத்ததே அந்த வேலையால்தான். புஷ்பவள்ளி சின்ன வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். தகப்பன் சதாசிவத்துக்குக் குளுவாங் டவுன் ரயிலடியில் வேலை கிடைத்ததும் தோட்டத்தை விட்டு வந்தவள். இனி பால் வாளியைத் தொடமாட்டேன், பால் வாடை அடிக்கிற மாப்பிள்ளையும் வேண்டாம் என்று வந்த வரனையெல்லாம் திருப்பி அனுப்பினாள். லெட்சுமணன் மேல் பெட்ரோல் வாடைதான் அடித்தது. சரி என்றாள்.

துரை சிங்கப்பூருக்குப் போகும்போது, கல்யாணத்துக்குக் காரை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். லெட்சுமணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து ரேடியேட்டரின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கியது. தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணியிடம் சொன்னால் காரைக் கொட்டகையில் விட்டுப் பூட்டிவிடுவார். அப்புறம் மாப்பிள்ளை மாட்டு வண்டியில்தான் போக வேண்டும்.

"மாப்ள, சைக்கிள் டியூப எத வச்சு ஒட்டுறோம்? பால வச்சுத்தானே?" என்றான் வீரமுத்து. பால்வெட்டில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவனுக்கு. "ஒரு மங்கு பால உள்ள ஊத்து. ஓட்டையைத் தேடிப் போயி அதுவா அடைச்சுக்கும்லா."

ஒரு கிண்ணம் ரப்பர் பாலை ஊற்றினான். ஒழுகல் நின்றது. விடிந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டு இல்லை. மச்சானுக்கு மூளை இருக்கிறதே என்று லெட்சுமணன் அதிசயப்பட்டான்.

பட்டு வேட்டியோடு குளுவாங் கோயிலுக்கு அவனே காரை ஓட்டினான். பக்கத்தில் வீரமுத்து, பின்னால் வீரமுத்துவைக் கட்டிய அக்கா கிருஷ்ணம்மா. பாதி வழி தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டது. முன்னால் ஆவி குபுகுபுவென்று கிளம்பிச் சாலையே மறைந்தது. நிறுத்தினான். சூடு தணியக் காத்திருந்து, தோள் துண்டைச் சுற்றி மூடியைத் திறந்தான். ஓடைத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே இறங்காமல் வாயிலேயே நின்றது. விரலை விட்டான். வெள்ளை வெள்ளையாக, இழை இழையாக ரப்பர் வந்தது. கொதிக்கிற தண்ணீரில் பால் உறைந்து குழாயையெல்லாம் அடைத்திருந்தது.

"ரெண்டு பேருக்கும் மண்டையில மூளை இருக்கா, இல்ல அங்கயும் பாலு உறைஞ்சு போச்சா?" என்று கிருஷ்ணம்மா கத்தினாள்.

"கொதிச்சா இப்படி ஆவும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் வீரமுத்து.

"பொறந்ததிலேர்ந்து அதைத்தானே வெட்டுறீங்க!"

தோண்டத் தோண்ட வந்தது. முழங்கை வரைக்கும் பால் நாற்றம். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் காலி மாட்டு வண்டியோடு தோட்டத்து வண்டிக்காரர் ஐயாசாமி அந்த வழியாகக் குளுவாங்குக்குப் போனார். ஏறிக்கொள்ளச் சொன்னார். துரையின் காரை நடுச்சாலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது? லெட்சுமணன் கயிறு கேட்டான்.

மாடுகள் முன்னால், வண்டி அவற்றின் பின்னால், கார் அதற்கும் பின்னால். மேடு வந்தபோதெல்லாம் வீரமுத்து இறங்கித் தள்ளினான். தள்ளட்டும், அவனுக்கு வேண்டும். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குளுவாங் கடைத்தெருவே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது. அவமானத்தில் அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

"காரு டிரைவருன்னுதானே சொன்னீங்க?" என்றார் சதாசிவம், கோயில் வாசலில் நின்று. பூசாரி நேரமாகிறது என்று பறந்தார். அவசரத்தில் கழுவிய கை அப்படியே பிசுபிசுத்தது. அந்தக் கையோடே லெட்சுமணன் மணவறையில் உட்கார்ந்தான்.

பக்கத்தில் இருந்த புஷ்பவள்ளி அவன் பக்கம் திரும்பவில்லை. மூக்கை மட்டும் சுளித்தாள்.

"பால் வாடை அடிக்குது," என்றாள் மெதுவாக.

வழியெல்லாம் ரப்பர் தோட்டம் என்று ஏதாவது புளுகியிருக்கலாம். அவனுக்கு வாய் வரவில்லை. "ரேடியேட்டரு ஒழுகுச்சு. நான்தான் பால ஊத்துனேன். உறைஞ்சு போச்சு."

"தொரைக்குத் தெரியுமா?"

"வந்ததும் சொல்லணும்."

"வேலை?"

"போனாலும் போயிரும்."

பூசாரி தாலியை எடுத்து நீட்டினார். அவள் தலையைக் குனியவில்லை. மேளக்காரர் குச்சியை ஓங்கியபடி காத்திருந்தார். எல்லாம் போச்சு என்று லெட்சுமணன் நினைத்தான்.

"அப்ப நான் மறுபடி பால் வெட்டுற கத்தி புடிக்கணுமா?" என்று கேட்டாள்.

"நான் புடிக்கிறேன். நீ ஒரு மரத்தடிக்கும் வர வேணாம். வெளியிலயே குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவேன்."

அவள் முதல் தடவையாக அவன் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் ஒட்டியிருந்த ரப்பர் இழையை நகத்தால் பிடித்து இழுத்தாள். அது நீண்டு பட்டென்று அறுந்தது. அதைக் கீழே உதறிவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"கட்டுங்க," என்றாள். "நல்ல நேரம் போவுது."